அடுத்த வருடமும் சென்னைக்கு வரலாமா? ஒரு போர்டு கேம் சந்திப்பும் மேசை நேரக் கணக்கும்

வியாழன் இரவு, கோவை ஜங்ஷன்

சேரன் எக்ஸ்பிரஸ் கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஐந்து பேர், பதினோரு விளையாட்டு, இரண்டு பெரிய பை. சென்னையில் வருடா வருடம் மூன்று நாள் நடக்கும் போர்டு கேம் சந்திப்புக்கு மறுபடியும் பயணம். இந்த முறை கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: இனியும் வரத்தான் வேண்டுமா? இந்தச் சந்திப்பின் மேல் ஆசை குறையவில்லை. ஆனால் கூட்டம் பெருகப் பெருக, நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போகிறது. எனவே இந்த மூன்று நாளும் ஒரே அளவுகோல், மேசை நேரம். மண்டபம் திறந்திருக்கும் நேரத்தில் உண்மையில் உட்கார்ந்து காய் நகர்த்தியது எத்தனை மணி என்று தினமும் குறித்து வைக்கப்போகிறோம்.

முதலில் மூட்டை கட்டுவது பற்றி. புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம் என்பதால் எடை ஒரு பிரச்சினையே இல்லை. இடம்தான் பிரச்சினை. வழக்கமான சதுரப் பெட்டி ஏறக்குறைய 29.5 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம். உள்ளே பாதிக்கு மேல் காற்றும் பிளாஸ்டிக் தட்டும்தான். தட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, காய்களை ஜிப் வைத்த கவரில் போட்டால் அசூல், கார்கசோன் என்ற இரண்டு விளையாட்டும் ஒரே பெட்டியில் அடங்கும். பெட்டியைப் பையில் படுக்கை வசமாகத்தான் வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் பெர்த்துக்கு அடியில் தள்ளும்போது மூடி நழுவும், ஓரத்து அட்டை நசுங்கும். ரப்பர் பேண்ட் போடவே வேண்டாம். சென்னை வெக்கையில் இளகி அட்டையில் ஒட்டிக்கொண்டால் பிறகு உரித்து எடுக்கும்போது படமும் சேர்ந்து வரும். தையல் சாமான் கடையில் கிடைக்கும் ஒரு அங்குல அகல எலாஸ்டிக்கை வளையமாகத் தைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும்.

சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுபோவது நல்லது. பொது இடத்தில் எத்தனை கை படும் என்று சொல்ல முடியாது. ஆனால் அளவு பார்த்து வாங்க வேண்டும். 63.5க்கு 88 மி.மீ. உறைதான் எங்கும் கிடைக்கும். விங்ஸ்பேன் என்ற பறவை விளையாட்டின் சீட்டோ 57க்கு 87. அகலத்தில் 6 மி.மீ. தொளதொளப்பு இருந்தால் கலைக்கும்போது சீட்டு உறைக்குள்ளேயே சாயும். தடிமனையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு சீட்டு சுமார் 0.3 மி.மீ. 100 மைக்ரான் உறையில் இரண்டு பக்கமும் சேர்த்து இன்னொரு 0.2 மி.மீ. கூடும். விங்ஸ்பேனில் பறவைச் சீட்டு மட்டும் 170. உறை இல்லாமல் 5 செ.மீ. அடுக்கு, உறையோடு எட்டரை. பெட்டி மூடாது. பயணத்துக்கு 50 மைக்ரான் உறை போதும்.

கடைசியாகச் சிலிக்கா ஜெல், பெட்டிக்கு 10 கிராம் பொட்டலம் இரண்டு. வெளியே பிசுபிசுப்பு, உள்ளே ஏசி என்று மாறி மாறிப் போனால் சீட்டின் ஒரு முகம் மற்றதைவிடச் சீக்கிரம் ஈரம் விடும். அப்போதுதான் அப்பளம் மாதிரி வளையும். வளைந்த சீட்டை எதிராக மடக்கி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மடிப்பு விழும். பொட்டலத்தோடு ஓர் இரவு அழுத்தி வைத்தால் தானே படியும்.

வெள்ளி, வடபழனி

சென்ட்ரலில் இறங்கியதும் மெட்ரோ. பச்சை வழித்தடத்தில் ஏறினால் எழும்பூர், திருமங்கலம், கோயம்பேடு வழியாக நேரே வடபழனி. மாற வேண்டியதில்லை, லிஃப்ட் இருக்கிறது. பெட்டிகளோடு ஆட்டோவில் நசுங்கி வருவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சந்திப்பு நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தில். சென்னையில் இத்தனை பேருக்கு மேசை, நாற்காலி, கழிப்பறை, ஜெனரேட்டர், சாப்பாட்டுக்கூடம் எல்லாம் ஒரே வாடகையில் வேண்டுமென்றால் முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபம் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் மண்டபம் விளையாட்டுக்காகக் கட்டியது இல்லையே. அதில் வரும் சங்கடங்களைத் தெரிந்துகொண்டு போனால் பாதி எரிச்சல் மிச்சம்.

பெரிய சங்கடம் பந்தி மேசை. எதிரும் புதிருமாக ஆள் உட்காருவதற்காகச் செய்ததல்ல அது. ஒரு பக்கம் இலை போட்டு, மறுபக்கம் பரிமாறுகிறவர் நடந்து போவதற்கானது. அகலம் ஒன்றரை அடிக்குச் சற்று மேலே இருந்தால் அதிகம். நடுவில் பலகை விரித்தால் நம் முன்னே சீட்டு வைக்க இடம் இருக்காது. இரண்டைச் சேர்த்துப் போட்டால் நடுவில் விரல் அளவுக்குப் பள்ளம், உயரத்திலும் ஏற்ற இறக்கம், பகடை உருண்டு பள்ளத்தில் விழும். இதற்கு நம்ம ஊர்ப் பவானி ஜமக்காளத்துக்கு ஈடு எதுவும் இல்லை. நாலாக மடித்து இரண்டு மேசைக்கும் குறுக்கே விரித்தால் பள்ளமும் மேடும் மறைந்துவிடும், பகடை சத்தம் போடாது, வழவழப்பான பலகையில் நகத்தால் கிளற வேண்டிய சீட்டு இதில் விரல் நுனிக்கே வந்துவிடும். சிவப்பு, பச்சைப் பட்டை மட்டும் அதே நிறக் காய்களை விழுங்கிவிடுகிறது. அதனால் வெள்ளை வேட்டி ஒன்றை மேலே போட்டு ஆட வேண்டும்.

இடம் பிடிப்பதில் ஒரு விஷயம். மேடைக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். கிரானைட் தரையும் கண்ணாடிச் சுவரும் எதிரொலிக்கும், போதாக்குறைக்கு ஒலிபெருக்கி அறிவிப்பு வேறு. விதி சொல்லிக் கொடுக்கிறவர் தொண்டை மதியத்துக்குள் கட்டிவிடும். சாப்பாட்டுக்கூடத்து வாசல் பக்கம் அமைதி. மஞ்சள் அலங்கார விளக்குக்கு நேர் கீழே ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் வேண்டுமானாலும் விளையாட்டை எடுத்து ஆடிவிட்டுத் திருப்பி வைக்கும் இரவல் அலமாரியில் இந்த வருடம் நிறைய புது வரவு. பெட்டியை எடுத்ததும் எண்ணிப் பார்க்காமல் தொடங்கினால் பாதி ஆட்டத்தில் முழிக்க வேண்டிவரும். இன்று இரண்டு மேசைகளில் அதுதான் நடந்தது. எண்ணுவதற்கு நேரம் ஆகாது, எண் தெரிந்தால் போதும். கட்டானில் வளச் சீட்டு ஐந்து வகை, வகைக்கு 19, மொத்தம் 95. டிக்கெட் டு ரைடில் ஆளுக்கு 45 ரயில். வண்டிச் சீட்டு எட்டு நிறத்தில் பன்னிரண்டு பன்னிரண்டு, அத்தோடு எஞ்சின் 14. கார்கசோனில் சதுர அட்டை ஓடு 72. அசூல் இன்னும் எளிது. ஐந்து நிறம், நிறத்துக்கு 20, ஆக 100 ஓடு. பையைக் கவிழ்த்துப் பத்துக்குப் பத்துச் சதுரமாக அடுக்கினால் ஓட்டை எங்கே என்று கண்ணே சொல்லிவிடும். இன்று அடுக்கியதில் கடைசி வரிசையில் ஒரு இடம் காலி, சிவப்பு ஒன்று குறைவு. நான்கு பேர் ஆடினால் 9 வட்டத் தட்டில் நாலு நாலாகச் சுற்றுக்கு 36 ஓடு இறங்கும். கணக்கு வைத்து ஆடுகிறவருக்கு அந்த ஒரு சிவப்பு முக்கியம். ஒரு துண்டுக் காகிதத்தில் ‘சிவப்பு 19’ என்று எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஆடினோம். அடுத்து எடுக்கிறவர் தரையில் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

மண்டபம் திறந்திருந்தது 10 மணி நேரம். மேசை நேரம் 4 மணி 20 நிமிடம்.

சனி

இன்றுதான் உண்மையான சோதனை. காலை பத்தரைக்கே காலி மேசை இல்லை.

கூட்டம் மட்டும் காரணமில்லை. நேரப் பட்டியல் போட்ட விதத்தில்தான் தவறு. இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளையாட்டும் நான்கு பெயரும் எழுதித் தாளை ஒட்டியிருந்தார்கள். பெட்டியில் 120 நிமிடம் என்று அச்சிட்டிருக்கும் டெரஃபார்மிங் மார்ஸுக்கும் இரண்டு மணி நேரம்தான். அச்சிட்ட நேரம் விதி தெரிந்தவர்களுக்கானது. நான்கும் புதுமுகமாக இருந்தால் சொல்லிக்கொடுக்கவே அரை மணி, ஆடி முடிக்க மூன்று. பத்து மணிக்குத் தொடங்கியது ஒன்றரைக்குத்தான் எழுந்தது. பன்னிரண்டு மணிக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள், இரண்டு மணிக்காரர்கள் அவர்களுக்குப் பின்னால். சாயங்காலம் வரை அந்த ஒன்றரை மணி நேரத் தாமதம் கைமாறிக்கொண்டே போனது.

எளிய விதி ஒன்று போதும்: அச்சிட்ட நேரத்தை இரண்டால் பெருக்கி, அது ஒதுக்கிய நேரத்துக்குள் அடங்கினால் மட்டும் பட்டியலில் சேர்க்கலாம். 45 நிமிட விளையாட்டுக்கு இரண்டு மணி நேரம் தாராளம். பெரிய விளையாட்டுக்குத் தனி வரிசை மேசை, அரை நாளாக. ஏற்பாட்டாளர்களிடம் சொன்னோம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். எல்லோரும் சொந்த வேலைக்கு நடுவில் இதைச் செய்கிற பிள்ளைகள். அவர்கள் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு சந்திப்பு பெருத்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு உலகத்தில் இரண்டு பெரிய உதாரணம் இருக்கிறது. ஜெர்மனியின் எசன் நகரில் 1983 முதல் அக்டோபர் தோறும் நடக்கும் ஷ்பீல், நான்கு நாள் சந்தை. 2024ல் 2,04,000 பேர் வந்தார்கள். அங்கே போகிறவர்கள் புது விளையாட்டை அரங்குகளில் ருசி பார்த்து, பிடித்தால் வாங்கிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு அடுத்த அரங்குக்கு நடப்பார்கள். 1968ல் அமெரிக்காவின் லேக் ஜெனீவாவில் தொடங்கி இப்போது இண்டியானாபொலிஸில் நடக்கும் ஜென் கான் வேறு மாதிரி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்கூட்டியே தனிச்சீட்டு, உங்கள் நாற்காலி உங்களுக்கு. இரண்டுமே அந்த அளவுக்குப் பொருந்துகிற வழிதான். நம் சென்னைச் சந்திப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நாற்காலி உறுதியில்லை, கடை மட்டும் பெருகுகிறது. போன தடவை ஆடும் மேசை இருந்த சுவரோரம் முழுவதும் இன்று விற்பனை மேசை.

கடையைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. வெளிநாட்டு விளையாட்டைக் கையில் எடுத்து, மூடி திறந்து, அச்சைத் தடவிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு கோவையில் அபூர்வம். 2025 செப்டம்பரில் போர்டு கேமுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதும் கொஞ்சம் இதம். பெட்டி ஓரத்தில் ‘14+’ என்று இருப்பதைப் பார்த்து ஒரு அம்மா, “என் பையனுக்குப் பத்துதான், புரியாதோ?” என்று தயங்கினார். அந்த எண் பெரும்பாலும் புத்திக்கான அளவே இல்லை. நம் நாட்டில் 2021 ஜனவரி முதல், 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வேறு நாடுகளிலும் குழந்தைப் பொருளுக்குத் தனிப் பரிசோதனை உண்டு. அந்தச் செலவைத் தவிர்க்கவும் ‘14+’ போடுவார்கள். கார்கசோன் அளவு விளையாட்டைப் பத்து வயதுக் குழந்தை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் வாங்குவதற்காகவே ரயில் ஏற வேண்டுமா? கூரியரில் வந்துவிடும். இந்த ஒரு காரணத்தைத் தராசிலிருந்தே எடுத்துவிட்டோம்.

சாப்பாடு பற்றி இரண்டு வரி. மாலை நாலு மணிக்கு பஜ்ஜி கொடுப்பதை நிறுத்தினால் சீட்டுகளுக்குப் பெரிய புண்ணியம். எண்ணெய் விரல் பட்ட லினன் (துணி நெசவு போன்ற சொரசொரப்பு) அச்சுச் சீட்டைத் துடைத்து மீட்க முடியாது. மிக்சரும் காராசேவும் கரண்டியோடு வைத்தால் போதும். டீ டம்ளருக்கு மேசையில் இடம் தராதீர்கள், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதன்மேல் வையுங்கள்.

11 மணி நேரத்தில் மேசை நேரம் 3 மணி 35 நிமிடம். இரவு அறையில் இந்த எண்ணைப் பார்த்தபோது, அடுத்த வருடம் வேண்டாம் என்றுதான் பேச்சு முடிந்தது.

ஞாயிறு

பாதிக் கூட்டம். கடைகள் மதியமே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டன. மண்டபத்தின் குணமே மாறிவிட்டது.

மேடைக்குக் கீழே தரையில் பாய் விரித்துத் தாயம். மயிலாப்பூரிலிருந்து பேரனோடு வந்த ஒரு பாட்டி வீட்டிலிருந்தே பித்தளைக் கட்டை கொண்டு வந்திருந்தார். முனை தேய்ந்து, பிடித்துப் பிடித்து நடுவில் பளபளப்பேறிய கட்டைகள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்து, விரலை மட்டும் விரித்து விட்டால் இரண்டும் ஒன்றையொன்று தட்டிக்கொண்டு உருளும். எறிவதில்லை. கல்லூரி மாணவன் ஒருவன் லூடோப் பகடை மாதிரி வீசினான். கட்டை ஒன்று வழுக்கிக்கொண்டே போய் மூன்று புள்ளி மேலே இருக்க நின்றது. “அப்படிப் போட்டா அது உருளாது கண்ணா, சறுக்கும். சறுக்கினா வெச்ச முகமே வரும், அது ஆட்டம் இல்ல” என்றார். நான்கு முகக் கட்டையின் நுட்பம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கணக்கையும் பார்க்கலாம். ஒரு கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி, நான்காம் முகம் வெறுமை. இரண்டு கட்டையும் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது ஒன்று, விழ 2 வழி, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு 1. ஆக 16ல் 6 தடவை மறு ஆட்டம் கிடைக்கும். அதிகம் விழுவது மூன்று, 4 வழி. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்று ஆடினால், பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக 26 சதவீத வாய்ப்பு. அதாவது நாலு பேர் உட்கார்ந்தால் ஒருவர் வெறுங்கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க நேரிடும். ஐந்து விழுந்தாலும் இறங்கலாம் என்று சில வீடுகளில் வைத்திருப்பது இதற்காகத்தான். அப்போது அந்த 26 சதவீதம் ஆறுக்குக் கீழே வந்துவிடும். சனிக்கிழமை நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்களும் தாயம் விழாதவர்கள்தான்.

மதியம் முன்மாதிரி மேசை. தாங்களே உருவாக்கிய விளையாட்டைச் சோதிக்க நான்கு பேர் கொண்டு வந்திருந்தார்கள். அதில் ஒன்று தாயக் கட்டையை வைத்தே செய்தது. வெட்டினால்தான் உள் கட்டத்துக்குப் போகலாம், சுற்றி முடித்தால் பழம், கூடவே வழியில் வாங்கி விற்கும் சரக்குச் சீட்டு. உருவாக்கியவர் வீட்டில் பலமுறை ஆடிப் பார்த்திருக்கிறார். சிக்கலே வரவில்லையாம். இங்கே பல்லாவரத்திலிருந்து வந்த ஒரு அக்கா மூன்றாவது சுற்றிலேயே இரண்டு காயை மலைக் கட்டத்தில் உட்காரவைத்துவிட்டு, நகராமல் சரக்கு மட்டும் வாங்கி விற்றே ஜெயித்தார். வெட்ட முடியாத இடத்தில் இருந்துகொண்டு வியாபாரம் செய்யலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் வீட்டில் தாயம் என்றால் ஓடுவதுதான். மலையில் இருக்கும்போது விற்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்து அங்கேயே மறுபடி ஆடினார்கள். சரியாக நின்றது.

சோதனைக்கு வருகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது: விதித்தாளைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருங்கள். முதல் சந்தேகம் எத்தனையாவது நிமிடத்தில், எந்த வரியில் வந்தது என்று குறியுங்கள். முடிந்ததும் ‘பிடித்ததா’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தீர்கள்’ என்று கேளுங்கள், உண்மை வரும்.

8 மணி நேரத்தில் மேசை நேரம் 6 மணி 10 நிமிடம்.

திங்கள், பாரிமுனை, பிறகு சென்ட்ரல்

பகலில் பாரிமுனை. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகை அட்டையும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முன்மாதிரி செய்ய 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் அட்டை வாங்கினோம். ஏ4 தாளில் 63க்கு 88 மி.மீ. சீட்டு மூன்றுக்கு மூன்றாக ஒன்பது அடங்கும், சுற்றிலும் ஓரம் மிஞ்சும். முன்னும் பின்னும் அச்சடித்தால் ஒன்றிரண்டு மி.மீ. விலகும். பின்பக்கச் சட்டம் கோணலாகத் தெரியும், அதை வைத்தே சீட்டை அடையாளம் கண்டுவிடலாம். பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். இல்லையென்றால் சாதாரணத் தாளில் அச்சடித்து, பழைய சீட்டுக்கட்டுச் சீட்டோடு சேர்த்து உறைக்குள் செருகுங்கள். தினமும் மாற வேண்டிய முன்மாதிரிக்கு இதுதான் மலிவு. வெட்ட இரும்பு அளவுகோலும் புது பிளேடும், முனைக்கு 3 மி.மீ. வளைவு வெட்டும் பஞ்ச். பிளேடு மழுங்கினால் ஓரம் பஞ்சு பஞ்சாக எழும், பத்துத் தாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இனி கணக்கு. மூன்று நாளில் மண்டபம் திறந்திருந்தது 29 மணி நேரம், மேசையில் இருந்தது 14 மணி 5 நிமிடம். பாதிக்கும் குறைவு. இரண்டு நாள் விடுப்பு, நான்கு இரவு ரயிலும் அறையுமாக ஐந்து பேர் செலவு, இதற்கு இது நியாயமில்லை. ஆனால் ஞாயிறை மட்டும் தனியாகப் பார்த்தால் முக்கால் பங்குக்கு மேல் மேசை நேரம். இன்னொன்றும் இருக்கிறது. கோவையில் ஆடுவது எப்போதும் அதே ஆறேழு பேர். யார் எப்போது எதை எடுப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். மலைக் கட்டத்தில் உட்கார்ந்து ஜெயிக்கும் அக்கா நம்ம ஊர் மேசைக்குத் தானாக வரமாட்டார். பித்தளைக் கட்டை சறுக்குவதைக் காட்டிக்கொடுக்கும் பாட்டியும் வரமாட்டார். கூரியரில் வராதது அது ஒன்றுதான்.

எனவே முடிவு: வருவோம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். சனி இரவு கோவையில் ஏறி, காலை சென்ட்ரலிலேயே குளித்துக் கிளம்பி, ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். அறை வாடகையும் விடுப்பும் மிச்சம். ஐந்து பேருக்குப் பதில் மூன்று பேர். பதினோரு பெட்டிக்குப் பதில் இரண்டு, ஒரு ஜமக்காளம், சோதிக்க ஒரு முன்மாதிரி. நேரப் பட்டியல் சரியாகி, சுவரோர மேசைகள் திரும்பி வந்தால் மூன்று நாள் பயணத்தை மறுபடி யோசிக்கலாம். அதை ஏற்பாட்டாளர்களிடம் எழுதியே கொடுத்துவிட்டோம், மணிக்கணக்கோடு.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. சந்திப்புத் தேதி அறிவித்ததும் நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணி, முதல் நாள் காலை எட்டு மணிக்கே மூன்று பெர்த் போட வேண்டும். ஒன்று கீழ் பெர்த்தாக இருக்கட்டும், ஜமக்காளம் பெட்டிகளைவிட அதிக இடம் பிடிக்கிறது.